சாலிட் பூஸ்டர பத்த வச்சா நிறுத்தவே முடியாதாமே, அதுல எப்படி ஆள ஏத்துறாங்க?

மன்னார்குடி_அப்பா:
வணக்கம். பொண்ணு பத்தாவது படிக்கிறா, மனுசங்கள விண்வெளிக்கு அனுப்புற இந்தியாவோட ககன்யான் திட்டம் பத்தி ஸ்கூல்ல பேசப்போறா. அதுக்கான எல்விஎம்3 ராக்கெட்டுக்கு ரெண்டு பக்கமும் இருக்க சாலிட் பூஸ்டர, அதாவது திட எரிபொருள் அடைச்ச துணை ராக்கெட்ட, பத்த வச்சா முழுசா எரிஞ்சிதான் தீரும், நடுவுல நிறுத்த முடியாதுன்னு படிச்சிட்டு வந்து, அப்ப மனுசங்கள எப்படிப்பா ஏத்துறாங்கன்னு கேக்குறா. எனக்கு பதில் தெரியல, வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குடந்தை_வாசி:
சார், பாப்பா சொன்னது சரிதான். லிக்விட் இன்ஜின்னா வால்வ மூடலாம். சாலிட்ல அலுமினியப் பொடியும் ஆக்சிஜன் குடுக்குற அம்மோனியம் பெர்க்குளோரேட்டும் ஒண்ணா கலந்து ரப்பராட்டம் இறுகி பூஸ்டரோட வெளிக்கூட்டுக்குள்ளயே இருக்கு, ஒரு பூஸ்டருக்கு 200 டன்னுக்கு மேல. நடுவுல ஓட்டை விட்டு வார்ப்பாங்க, உள்சுவர்லேர்ந்து வெளிய பாத்து எரிஞ்சிட்டே போகும். அதுல சின்ன வெடிப்பு இருந்தா நெருப்பு அங்கயும் பூந்து எரியிற பரப்பு கூடிடும், பிரஷர் ஏறி அந்தக் கூடே பொளந்துக்கலாம். அதனால சோதனையெல்லாம் தரையிலயே முடிச்சாகணும்.

பம்ப்செட்_மெக்கானிக்_திருவாரூர்:
அண்ணே, பூஸ்டர் துண்டுங்கள சேக்குற ஜாயின்ட்டயும் சொல்லணும். 1986 ஜனவரி 28, அமெரிக்காவோட சேலஞ்சர் விண்வெளி ஷட்டில் கெளம்பி 73வது செகண்டுல செதறி 7 பேர் போனாங்க. வலது பூஸ்டர் ஜாயின்ட்ல இருந்த ரப்பர் ரிங் குளிர்ல வெறைச்சுப்போய் சூடான வாயுவ வெளிய விட்டுடுச்சு. தயாரிச்ச கம்பெனி இன்ஜினியருங்க முந்தின ராத்திரியே இந்த குளிர்ல வேணாம்னு சொல்லியிருக்காங்க, கேக்கல, அத நெனச்சா இன்னைக்கும் மனசு ஆறல. நான் தெனம் கழட்டி மாட்டுறது இந்த மாதிரி வாஷர்தான், பழசாகி வெறைச்சத நகத்தால அமுக்கினா குழி அப்படியே நிக்கும், மேல எழும்பாது. அப்படி ஆனா தண்ணி கசியும், நான் வேற மாத்திடுவேன். அங்க மாத்த நேரம் ஏது? அப்பறம்தான் ஜாயின்ட்ட மாத்தி மூணாவதா ஒரு ரிங்கும் ஹீட்டரும் வச்சாங்க.

மன்னார்குடி_அப்பா:
ரொம்ப நன்றி தம்பி. அதையும் மீறி மேல போறப்ப ஏதாச்சும் ஆச்சுன்னா?

குடந்தை_வாசி:
அதுக்குத்தான் சார் உச்சியில க்ரூ எஸ்கேப் சிஸ்டம். எல்விஎம்3 தரையிலேர்ந்து கெளம்புறதே அந்த ரெண்டு பூஸ்டர் பலத்துலதான், நடு இன்ஜின் பறக்கும்போதுதான் பத்தும். பூஸ்டர்ல கோளாறுன்னா ஆள் இருக்க கூண்ட மட்டும் பிச்சு எடுத்துட்டு தூரமா போயிடணும், அந்த மோட்டாரும் சாலிட்தான், ஏன்னா பத்த வச்ச ஒடனே முழு வேகம் கெடைக்கும். ஆளில்லாம 2023 அக்டோபர் 21 ஸ்ரீஹரிகோட்டால டெஸ்ட் பண்ணப்ப கூண்டு பாராசூட்ல வங்கக்கடல்ல எறங்குச்சு. இன்னொண்ணும் பாப்பாகிட்ட சொல்லுங்க, அன்னைக்கு மொத தடவ கெளம்ப 5 செகண்ட் இருக்கும்போது கம்ப்யூட்டரே நிறுத்திடுச்சு, என்னன்னு பாத்து சரி பண்ணிட்டு காலைல 10 மணிக்குத்தான் விட்டாங்க.