பன்னிரண்டு பாரும் 57ஆவது செல்லும்

நிசான் லீஃப் எண்ட கரண்ட் காரைப் பழசா வாங்கப் போற ஆக்கள் எனக்குக் கோல் எடுத்து, "அண்ணை, பற்றரியில எத்தினை பார் இருந்தா வாங்கலாம்?" எண்டு கேக்கினம். ஒரு வரியில சொல்ல ஏலாத விசயம் இது. என்ர கதையைச் சொல்லுறன்.

நான் வாங்கினது 2021 கடைசியில. 2013ஆம் ஆண்டு நிசான் லீஃப், 24 யூனிட் பற்றரி. 2015இல வரி குறைவா இருந்த நேரம் ஜப்பானில ஓடின லீஃபுகள் இஞ்ச கப்பல் கப்பலா வந்து இறங்கினது ஞாபகம் இருக்கும். அதில ஒண்டு. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டின பிறகு பழசுக்கும் விலை ஏறிக்கொண்டே போச்சு. இப்ப விட்டா இனி இல்லை எண்டு நான் அவசரப்பட்டன். வித்தவர் ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார். மீற்றரில 38,000 கிலோமீற்றர். பற்றரியின்ர கொள்ளளவைக் காட்டுற சின்னப் பார் பன்னிரண்டும் நிரம்பி நிண்டுது. "பாருங்கோ, ஒண்டும் விழேல்லை" எண்டார்.

நானும் வெறுங்கையோட போகேல்லை. போனில லீஃபின்ர பற்றரி விவரத்தைக் காட்டுற லீஃப் ஸ்பை ஆப், பொக்கற்றுக்குள்ள காரையும் போனையும் இணைக்கிற ஒரு சின்னப் புளூடூத் டொங்கிள். ஸ்ரியறிங்குக்குக் கீழ, காரின்ர கம்ப்யூட்டரை வாசிக்கிறதுக்கு இருக்கிற ஓபிடி சொக்கற்றில கொழுவி, 1234 அடிச்சு இணைச்சன். எஸ்ஓஎச் 96 வீதம் எண்டு வந்துது. மச்சான் என்ர முதுகில தட்டினான். அண்டைக்கே அட்வான்ஸ் குடுத்தாச்சு.

எஸ்ஓஎச் எண்டா, புதுசில பிடிச்ச அளவில இப்ப எத்தினை வீதம் பிடிக்கும் எண்ட கணக்கு. காரில முதல் பார் விழுறது கிட்டத்தட்ட 85 வீதத்துக்கு இறங்கின பிறகுதான், அதுக்குப் பிறகு ஆறேகால் வீதத்துக்கு ஒண்டு. அப்ப பன்னிரண்டு பார் எண்டா 100ஆயும் இருக்கலாம், 86ஆயும் இருக்கலாம். ஆப் வீதத்தையே சொல்லுது, இனி ஆர் ஏமாத்துறது எண்டு நினைச்சன்.

மூண்டு கிழமையில 96 போய் 88. ரெண்டு மாதத்தில 71. பார் மூண்டு, ஒண்டுக்குப் பின்னால ஒண்டா விழுந்து, ஒம்பதில வந்து நிண்டுது.

பற்றரி அந்த ரெண்டு மாதத்தில சாகேல்லை. நான் வாங்கேக்கயே அது 71 தான். பற்றரியைக் கண்காணிக்கிற கம்ப்யூட்டரை ஆரோ றீசெற் பண்ணி விட்டிருக்கினம். அப்பிடிச் செய்தா அது தன்னைப் புதுசெண்டு நம்பத் தொடங்கும். பிறகு ஓட்டி, இறக்கி, திருப்பிச் சார்ஜ் ஏத்த ஏத்தத்தான் கொஞ்சம் கொஞ்சமா உண்மையைப் படிக்கும். ஆப்பும் பாவம், அந்தக் கம்ப்யூட்டர் சொல்லுறதைத்தான் எங்களுக்கு வாசிச்சுக் காட்டுது.

ஆனா அதே ஆப்பில அண்டைக்கே இன்னொரு விசயம் இருந்தது, நான் பாக்கேல்லை. இதுவரைக்கும் எத்தினை தரம் சார்ஜ் பண்ணினது எண்ட கணக்கு. வேகச் சார்ஜும் சாதாரணச் சார்ஜும் கூட்டினா 3,100 சொச்சம். 38,000ஐ அதால பிரிச்சுப் பாருங்கோ, ஒரு சார்ஜுக்கு 12 கிலோமீற்றர்! ஜப்பானில ஒரு பாட்டி சந்தைக்குப் போய் வந்து ஒவ்வொரு நாளும் வயரைக் கொழுவியிருக்கலாம், இல்லையெண்டு சத்தியம் பண்ண மாட்டன். எண்டாலும் ஸ்ரியறிங் தோல் தேஞ்சு பளபளத்ததையும் சேத்து யோசிச்சா, மீற்றரிலயும் ஆற்றையோ கை பட்டிருக்குது எண்டுதான் நினைக்கிறன்.

சரி, ஒம்பது பாரோட கொழும்புக்குள்ள ஓடலாம் எண்டு மனதை ஆத்திக்கொண்டன். கண்டிக்குப் போனாப் பிறகுதான் மிச்சம் விளங்கினது.

2022 ஏப்ரல். ஊரெல்லாம் பெற்றோல் வரிசை, கரண்டும் நாளுக்குப் பல மணித்தியாலம் வெட்டு. கண்டியில மாமிக்குச் சுகமில்லை. கரண்ட் இருந்த நேரம் பாத்து வீட்டில நிரப்பி, கேகாலையில தெரிஞ்ச ஒராளின்ர வீட்டில ஒரு மணித்தியாலம் கொழுவி, மாவனெல்லை தாண்டிக் கடுகண்ணாவை ஏத்தம் ஏறத் தொடங்கினம். சார்ஜ் 28 வீதம் இருந்தது. மேல வரைக்கும் போதும்.

பக்கத்து சீற்றில மச்சான் போனை வைச்சுக்கொண்டு செல் பக்கத்தைப் பாத்துக்கொண்டிருந்தான். இந்தப் பற்றரியில செல் அடுக்கின பெட்டி, அதாவது மொடியூல், 48; ஒவ்வொண்டுக்கையும் ரெண்டு சோடி செல், அதால 96 கோடு திரையில வரிசையா நிக்கும். பள்ளிக்கூட அசெம்பிளி மாதிரி. நிரம்பியிருக்கேக்க எல்லாரும் ஒரே உயரம், கூடினதுக்கும் குறைஞ்சதுக்கும் வித்தியாசம் 20 மில்லிவோல்ற்தான் வரும். ஏத்தத்தில மோட்டர் இழுக்க இழுக்க மச்சான் வாசிக்கத் தொடங்கினான். "60... 200... அத்தான், 57ஆவது கோடு மட்டும் கீழ போகுது... 450." நான் காலை எடுத்தன், கோடு எழும்பினது. திருப்பி மிதிச்சன், விழுந்துது. கல்லைக் குடைஞ்ச பழைய வாசலுக்குக் கொஞ்சம் கீழ, மற்றச் செல்லெல்லாம் 3.6 வோல்ற்றில நிக்க, 57 மட்டும் 2.9. டாஷ்போர்டில ஆமை வந்துது.

லீஃப் ஓட்டாத ஆக்களுக்கு: ஆமைப் படம் வந்தா கார் பலத்தைக் குறைச்சிடும், பிறகு ஊர்ந்துதான் போகலாம். பின்னால ஒரு தனியார் பஸ் ஹோர்னை விடாமல் அடிக்குது. ஓரங்கட்டி நிப்பாட்டினன். இருபது நிமிசத்தில 57 தானா 3.5க்கு எழும்பினது. பிறகு சைக்கிள்காரன் மாதிரி ஏறி, அங்கால பேராதனைப் பக்கம் இறக்கத்தில கொஞ்சம் சார்ஜும் ஏறினது. இந்தச் செல்லுகள் ஒரே சங்கிலியில கட்டின விளக்குகள் மாதிரி. 95 பேர் நல்லா இருந்தாலும், ஒராள் படுத்தா எல்லாருக்கும் நிப்பாட்டுதான். அதை 28 வீதம் எண்ட எண் சொல்லாது, எஸ்ஓஎச்சும் சொல்லாது.

திரும்பி வந்து, விபத்தில உடைஞ்ச ஒரு லீஃபின்ர மொடியூலை எடுத்து அந்த ஒண்டை மட்டும் மாத்தினம். மாத்த முந்திப் புதுசையும் மற்றதுகளையும் ஒரே வோல்ற்றேச்சுக்குக் கொண்டு வரவேணும், அதுக்கே ரெண்டு நாள் போச்சு. நிரம்பியிருக்கேக்க 390க்கு மேல வோல்ற் ஓடுற சாமான் அது. வீட்டில தொடாதேங்கோ. இப்ப சார்ஜ் 20 வீதத்துக்கு இறங்கினாலும் வித்தியாசம் 45 மில்லிவோல்ற்றைத் தாண்டுறேல்லை. எஸ்ஓஎச் அதே 70 சொச்சம். ஆனா ஆமையை அதுக்குப் பிறகு காணேல்லை.

*

இதை வாசிச்ச ஆக்கள் எழுதினதில சில:

யாழ்ப்பாணத்தில இருந்து ஒரு தம்பி:

அண்ணை, உங்கட டொங்கிள் உங்களைக் காப்பாத்தினது, என்ர டொங்கிள் என்னை நடுவீதியில விட்டுது. கழட்டாமல் அப்பிடியே பத்து நாள் விட்டிட்டன். அது ராப்பகலா காரில தனியா இருக்கிற 12 வோல்ற் சின்னப் பற்றரியில இருந்து கரண்ட் குடிச்சிருக்குது. பத்தாம் நாள் காலமை சுவிச்சை அமத்தினா டாஷ்போர்டில இருக்கிற எல்லா விளக்கும் ஒரேயடியா எரியுது, நல்லூர்த் திருவிழாதான். பிறேக் பிழை, மோட்டர் பிழை, எல்லாம் பிழை. ஒரு கராஜில பெரிய பற்றரி போச்சு எண்டு சொல்லி விலையும் சொல்லிப்போட்டாங்கள். பிறகு ஆப்பில பாத்தா அந்த 12 வோல்ற் பற்றரி 10.4 வோல்ற்றில கிடக்குது. அதை மாத்தி, ஆப்பின்ர புரோ வேர்சனில பிழைக் குறியீடுகளை அழிச்சன். அதோட முடிஞ்சுது. இப்ப பாத்து முடிஞ்ச உடன டொங்கிளைக் கழட்டி சாவிக்கொத்தோட கட்டி வைக்கிறன்.

மட்டக்களப்பில இருந்து ஒரு அக்கா:

எனக்கு இந்த 96 கோடு எல்லாம் விளங்காது. நான் பாக்கிறது வெப்பம் மட்டும். லீஃப் பற்றரியைக் குளிராக்க காற்றாடியும் இல்லை, தண்ணியும் இல்லை, எங்கட வெயிலோ தெரியும்தானே. ஒருநாள் மத்தியானம் வேகச் சார்ஜ் போட்டு எடுத்தா 47 பாகை. பள்ளிக்கூடம் விட்டு வீட்ட வந்த பிறகும் 45க்குக் கீழ வரேல்லை. அதோட மத்தியானத்தில வேகச் சார்ஜ் விட்டிட்டன். இரவு பத்துக்குப் பிறகு வீட்டிலதான். இவர் சொல்லுறார் நான் பிள்ளைக்குக் காய்ச்சல் பாக்கிற மாதிரிக் காருக்குப் பாக்கிறன் எண்டு.

வெள்ளவத்தையில இருந்து ஒராள்:

அண்ணை, வாற ஞாயிறு தெஹிவளையில ஒரு 2014 லீஃப் பாக்கப் போறன். பதினொரு பார் எண்டு சொல்லுகினம். என்னட்ட இருக்கிறது ஐபோன், அந்த மலிவு நீல டொங்கிள் இணையுதே இல்லை. நீங்கள் ஒருக்கா வரேலுமோ?

நான்:

மலிவு டொங்கிள் கனக்க அன்ட்ரொயிட்டுக்குத்தான் சரிவரும் தம்பி, ஐபோனுக்கு லோ எனர்ஜி புளூடூத் இருக்கிறது, இல்லாட்டி வைஃபை இருக்கிறது வாங்கவேணும். ஞாயிறு நானே என்ரதைக் கொண்டு வாறன். விக்கிறவருக்கு இண்டைக்கே சொல்லி வையும், நிரப்பி வைக்க வேண்டாம், 20 வீதத்துக்கு இறக்கி வைக்கட்டும் எண்டு. மாட்டன் எண்டா எனக்கு ஒரு கோல் எடும், நான் ஞாயிறு வீட்டில நித்திரை கொள்ளுறன்.