மோவாபுக்கும் ஏலாமுக்கும் மீட்பு உண்டு, ஏதோமுக்கு ஏன் இல்லை?

கேள்வி (தாராவி)

எங்கள் சபையின் புதன்கிழமை வேதபாடத்தில் எரேமியா 46 முதல் 51 வரையுள்ள அதிகாரங்களைப் படித்து வருகிறோம். இஸ்ரவேலைச் சேராத புறஜாதிகளின் மேல் வரும் நியாயத்தீர்ப்புக்கு நடுவே மோவாபின் சிறையிருப்பையும் (48:47), அம்மோன் புத்திரரின் சிறையிருப்பையும் (49:6), ஏலாமின் சிறையிருப்பையும் (49:39) திருப்புவேன், அதாவது அவர்கள் இழந்த வாழ்வை மீண்டும் தருவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார். எங்கள் ஆச்சியின் வேதாகமத்தில் இம்மூன்று வசனங்களின் கீழும் நீலப் பென்சில் கோடு இருக்கிறது. ஏதோமைப் பற்றிய பகுதியில் ஒரு கோடும் இல்லை. தூரத்து ஏலாமுக்குக் கிடைத்த வாக்குத்தத்தம், யாக்கோபின் கூடப்பிறந்த ஏசாவின் வம்சமான ஏதோமுக்கு ஏன் கிடைக்கவில்லை?

மறுமொழி (செம்பூர்)

சகோதரி, சிறையிருப்பைத் திருப்புதல் என்பது இஸ்ரவேலுக்கு 29:14-லும் 30:3-லும் கொடுக்கப்பட்ட அதே சொல்தான் என்பதை முதலில் கவனியுங்கள். அந்நியருக்கென்று தரம் குறைந்த வேறொரு மீட்பைத் தீர்க்கதரிசி சொல்லவில்லை. இந்த அதிகாரங்களில் என்னை அதிகமாக அசைத்தது அதுவே. பத்தாம் தலைமுறையானாலும் மோவாபியனும் அம்மோனியனும் சபைக்கு உட்படலாகாது என்றும், ஏதோமியன் உன் சகோதரன், அவனை அருவருக்காதே என்றும் உபாகமம் 23 கட்டளையிடுகிறது. அப்படியிருக்க இங்கே வாக்குத்தத்தம் பெறுகிறவர்கள் அந்த மோவாபியரும் அம்மோனியருமே. ஆகவே உறவின் நெருக்கத்தையோ குற்றத்தின் அளவையோ வைத்து ஒரு விதியை வகுக்க முடியாது.

ஏதோமைப் பற்றிய இந்த மௌனத்தின் மேல் உபதேசத்தைக் கட்டுவதும் ஆபத்து. எபிரெய வேதத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் மோவாபுக்கும் அம்மோனுக்கும் உரிய அந்த இரு வசனங்களும் இல்லை. ஏலாமுக்கு உரியது மட்டும் இருக்கிறது.

மறுமொழி (மாட்டுங்கா)

ஏசாயா 19-ஐயும் சேர்த்துப் படியுங்கள். கர்த்தர் எகிப்தியரை அடிப்பார், அடித்துக் குணமாக்குவார் என்று வருகிறது. முடிவில் எகிப்தை "என் ஜனம்" என்றும் அசீரியாவை "என் கரத்தின் கிரியை" என்றும் அழைக்கிறார். கி.மு. 722-ஐ ஒட்டி இஸ்ரவேலின் வடராஜ்யத் தலைநகரான சமாரியாவை வீழ்த்தி அதன் மக்களைச் சிறைப்பிடித்துச் சென்ற அசீரியா அது! கிரேக்க மொழிபெயர்ப்பாளர் இதைத் தாங்கமாட்டாமல், எகிப்திலும் அசீரியாவிலும் இருக்கிற என் ஜனம் என்று மாற்றி, ஆசீர்வாதத்தைச் சிதறிக் கிடந்த யூதருக்கே திருப்பிவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

மறுமொழி (முலுண்ட்)

ஏதோமுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட வேண்டாம். ஆமோஸ் 9:12-ன் எபிரெயத்தில் ஏதோமில் மீதியானதும் கர்த்தருடைய நாமம் தரிக்கப்பட்ட ஜாதிகளும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. அப்போஸ்தலர் 15-ல் எருசலேம் சபைத் தலைவரான யாக்கோபு (ஏசாவின் சகோதரன் அல்ல) அதையே கிரேக்க வழியாக எடுத்துக்காட்டும்போது "மற்ற மனுஷரும்" என்கிறார். எபிரெயத்தில் ஏதோம், ஆதாம் (மனுஷன்) என்ற இரு சொற்களுக்கும் மெய்யெழுத்துகள் ஏறக்குறைய ஒன்றே. விருத்தசேதனமில்லாத புறஜாதியாரைச் சபையில் சேர்த்துக்கொண்ட தீர்மானம் இந்த வசனத்தின் மேல் நிற்கிறது. எரேமியா 49:11-ஐயும் பாருங்கள்.

கேட்டவர்

பார்த்தேன், ஐயா. ஏதோமின் திக்கற்ற பிள்ளைகளை நான் காப்பாற்றுவேன், உன் விதவைகள் என்னை நம்பட்டும் என்று இருக்கிறது. ஆச்சி கோடிடாத பக்கத்தில் இத்தனை நாள் இதை நான் கவனிக்கவேயில்லை. ஆனால் அதற்கு முந்தைய வசனம், அவன் சந்ததியே அழிந்துபோகும் என்கிறதே. இவ்விரண்டையும் எப்படிச் சேர்த்து வாசிப்பது?