ஓடும்போது, தூக்கும்போது, ஆடும்போது பல்லுக்கு என்ன ஆகிறது? காரைக்குடிப் பக்கத்து அனுபவங்கள்

பல் மருத்துவர், காரைக்குடி:
சித்திரை வெயிலில் ஓடுகிறவர்கள் கையில் எலுமிச்சை, உப்பு, சர்க்கரை கலந்த பாட்டில் கட்டாயம் இருக்கும். தாகத்துக்கு அது நல்லதுதான், குடிக்கிற விதத்தில்தான் கோளாறு. எலுமிச்சைச் சாற்றின் பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 2-க்குச் சற்று மேலே. தண்ணீர் கலந்தாலும் 3-ஐ ஒட்டியே நிற்கும். பல்லின் கெட்டியான மேலுறையான எனாமலோ, வாயின் பி.எச். 5.5-க்குக் கீழே போனாலே கரையத் தொடங்கும். மற்ற நேரத்தில் எச்சில் அந்தப் புளிப்பை முறித்து, இழந்த கால்சியத்தைப் பல்லுக்குத் திருப்பித் தரும். வாயால் மூச்சு வாங்கி ஓடும்போது அந்த எச்சிலே வற்றிப்போகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு மிடறு என்று உறிஞ்சிக்கொண்டே ஓடினால், ஓடுகிற நேரம் முழுக்கப் பல் புளிப்பில் ஊறும். முன்பல் ஓரம் கண்ணாடி மாதிரி மெலிந்து தெரிவதும், குளிர்ந்த மோர் பட்டாலே கூசுவதும் அதன் அடையாளங்கள். கடையில் விற்கும் விளையாட்டுப் பானங்களும் பெரும்பாலும் 3, 4 பி.எச்.தான்.

ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற பயிற்சிக்கு வெறும் தண்ணீர் போதும். எலுமிச்சை வேண்டுமென்றால் முடித்தபின் ஒரேயடியாகக் குடித்துவிட்டு, வாயைத் தண்ணீரால் கொப்பளியுங்கள். உடனே பிரஷ் எடுத்தால் மெத்துப்போன எனாமல் தேய்ந்துவிடும், அரை மணி நேரமாவது பொறுங்கள்.

பழநி நடைக்குத் துணை போகிறவர், தேவகோட்டை:
தைப்பூசத்துக்குக் காவடியோட நடக்கிறவங்களுக்கும் இதே சங்கதிதான், ஆனா நாள்கணக்கில. பந்தலுக்குப் பந்தல் பானகம், மிட்டாய், குளுக்கோஸ். ஒவ்வொரு தடவையும் பல்லில ஒட்டியிருக்கிற கிருமி சர்க்கரையை அமிலமாக்கும். அது அடங்க இருபது, முப்பது நிமிஷம் ஆகும், அதுக்குள்ள அடுத்த பந்தல் வந்துரும். ஆச்சி அன்பா நீட்டுறதை வேண்டாம்னு சொல்ல முடியுமா? வாங்கிக் குடிச்சிட்டு, ஒரு வாய் தண்ணியில கொப்பளிச்சுத் துப்பிட்டு நடங்க. ராத்திரி படுக்கும் முன்னாடி ஃபுளோரைடு பேஸ்ட்டில தேய்ச்சு, நுரையை மட்டும் துப்புங்க. தண்ணி விட்டு அலசினா ஃபுளோரைடும் சேர்ந்து போயிரும்.

ஜிம் பயிற்சியாளர், காரைக்குடி:
டெட்லிஃப்ட்ல, அதாவது தரையில இருக்கிற எடையைக் குனிஞ்சு தூக்கி நிமிர்றதில, எடை கூடக்கூட பல்லை நறநறன்னு கடிக்கிறாங்க. காதுக்கு முன்னால வலி, கடைவாய்ப் பல்லில விரிசல் எல்லாம் இதனாலயும் வரும். உதடு மூடியிருக்கட்டும், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடக்கூடாது, நாக்கு நுனி முன்பல்லுக்குப் பின்னால அண்ணத்தில நிக்கணும். ஒவ்வொரு செட்டுக்கு முன்னாடியும் இதைச் சரிபார்த்தா பழகிரும்.

பல் மருத்துவர், காரைக்குடி:
இதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். வேகமாக நடந்தால் தாடை வலித்து, உட்கார்ந்ததும் விட்டுவிடுகிறது என்றால் அது பல் வலியாக இல்லாமல் இதயத்தின் வலியாகவும் இருக்கலாம். முதலில் ஈ.சி.ஜி. எடுங்கள்.

கபடிப் பயிற்சியாளர், திருப்பத்தூர்:
ரெய்டர் கால் உதைக்கும், டிஃபெண்டர் முழங்கை இடிக்கும், முன்பல்தான் பலியாகும். கடையில கிடைக்கிற, சுடுதண்ணியில மெதுவாக்கிக் கடிக்கிற மவுத்கார்டே (பல்லுக்கு மேல மாட்டுற கவசம்) பலருக்குப் போதும். அட்டையில போட்ட நொடிக்கணக்குப்படி (பெரும்பாலும் 20, 30 நொடி) கொதித்து இறக்கின தண்ணியில வைங்க. எடுத்துப் பச்சைத் தண்ணியில ஒரு முக்கு முக்கி மேல் பல்லில மாட்டி, அழுத்திக் கடிச்சு, உதட்டுக்கு மேல விரலால அமுக்கி, காத்தை உள்ளே உறிஞ்சுங்க. வாயைத் திறந்தா விழக்கூடாது. போட்டுக்கிட்டே "கபடி கபடி"ன்னு மூச்சு விடாமப் பாடிப் பாருங்க, திணறினா அளவு தப்பு. வண்டிப் பெட்டியில விட்டா வெயில்ல உருகி வளைஞ்சிரும். பால்பல் விழுந்து முளைக்கிற பிள்ளைகளுக்கு அளவு மாறிக்கிட்டே இருக்கும், சீசனுக்குச் சீசன் புதுசா பாருங்க. பல்லுக்குக் கம்பி போட்டவங்க டாக்டர்கிட்டத்தான் செய்யணும்.

பல் மருத்துவர், காரைக்குடி:
மவுத்கார்டு இல்லாமல் நிலைப்பல் வேரோடு விழுந்துவிட்டால் வெள்ளைப் பக்கத்தை மட்டும் பிடியுங்கள். வேரில் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வின் செல்கள் உயிரோடு இருந்தால்தான் பல் திரும்ப ஒட்டும், அதனால் தேய்க்கவோ துணியால் துடைக்கவோ கூடாது. மண் ஒட்டியிருந்தால் பாலில் ஒரு கணம் அலசி, அதே குழியில் செருகி, சுத்தமான கைக்குட்டையைக் கடித்தபடி மருத்துவரிடம் வாருங்கள். செருகத் துணிவில்லையா, பாலில் போட்டு அரை மணிக்குள் கொண்டு வாருங்கள். தண்ணீரில் ஊறவைக்கவே வேண்டாம், அந்தச் செல்கள் உப்பி வெடித்துவிடும். பால்பல்லைத் திரும்பச் செருகக்கூடாது, உள்ளே வளரும் பல் கெடும்.

கபடிப் பயிற்சியாளர், திருப்பத்தூர்:
மைதானத்தில பாலுக்கு எங்க போறது டாக்டர்?

பல் மருத்துவர், காரைக்குடி:
டீக்கடைதான். பாய்லர் பால் வேண்டாம், பிரிக்காத பாக்கெட் ஒன்று கேளுங்கள். சர்க்கரை போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.