செஃப்ட்ரையாக்சோனுக்குக் கேட்காத மூளைக்காய்ச்சல்: உண்ணிக் காய்ச்சலா?

மருதம்:
9 நாள் காய்ச்சல், மண்டை பிளக்கும் தலைவலி. நேற்று முதல் பிதற்றல், ஒருமுறை வலிப்பு. செஃப்ட்ரையாக்சோன் (ஆன்டிபயாட்டிக் ஊசி) 2 கிராம் இருவேளை, 3 நாள் போட்டும் கேட்கவில்லை. முதுகுத் தண்டுநீரில் 70 செல், பெரும்பாலும் லிம்போசைட். புரதம் 130, சர்க்கரை 50 (ரத்தத்தில் 110). பிளேட்லெட் 70,000, ஈரல் நொதி எஸ்ஜிஓடி மூன்று மடங்கு. காசநோய் மருந்து ஆரம்பிக்கலாமா?

இரவுப்பணி:
அதற்கு முன் டாக்ஸிசைக்ளின் போடுங்கள் சார், இன்றைக்கே. காசநோய் மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் வாரக்கணக்கில் இழுக்கும், சர்க்கரை இன்னும் இறங்கும். பிளேட்லெட் குறைவும் ஈரல் நொதி ஏற்றமும் சேர்ந்தால் உண்ணிக் காய்ச்சல்தான் முதலில் நினைவுக்கு வர வேண்டும். அதை உண்டாக்கும் ஓரியன்ஷியா கிருமி ரத்தக்குழாயின் உள்சுவர் செல்லுக்குள்ளேயே குடியிருக்கிறது. செஃப்ட்ரையாக்சோன் அங்கே எட்டாது.

துணியை முழுக்க விலக்கி டார்ச் அடித்துப் பாருங்கள்: அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடிமடிப்பு, தொப்புள், விதைப்பை, காதுக்குப் பின்னால், முடிக்குள். பூச்சி கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போலக் கருத்த பொருக்கு இருக்கும், சுற்றிலும் சிவந்த விளிம்பு. வலிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. வியர்வை ஈரமுள்ள மடிப்பில் கருப்பு இருக்காது, வெளிறிய மேலோட்டமான புண்ணாகத் தெரியும், தவறுவது அங்கேதான். பொருக்கு இல்லையென்றாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

கார்த்திகை:
டாக்ஸிசைக்ளின் அளவு: முதலில் 200 மி.கி., பிறகு 12 மணிக்கொருமுறை 100 மி.கி., நரம்பு வழியாக, 7 நாள். ஊசி கிடைக்காமல் மூக்குக்குழாயில் கொடுத்தால் பால், ஆன்டாசிட், இரும்புச் சத்துக்கு 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். 2023-இல் வெளியான இந்திய ஆய்வில், கடுமையான நோயாளிகளுக்கு அசித்ரோமைசினும் சேர்த்தபோது சிக்கல்கள் குறைந்தன. இறப்பில் தெளிவான வித்தியாசம் இல்லை.

கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) முடிவு வரும்வரை செஃப்ட்ரையாக்சோனை நிறுத்தாதீர்கள். வலிப்புக்கு லெவெடிரசெட்டம் நல்லது, ஈரல் கெட்டிருக்கையில் வால்ப்ரோயேட் வேண்டாம். ரத்தக்குழாய்கள் கசியும் நோய் இது. சலைனைக் கொட்டினால் நுரையீரலில் தேங்கும்.

மருதம்:
உண்ணிக் காய்ச்சலுக்கான ஐஜிஎம் எலிசா (ரத்த எதிர்ப்புரதச் சோதனை) முடிவுக்குக் காத்திருக்கலாமா?

இரவுப்பணி:
வேண்டாம். ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு மருந்தை ஏற்றுங்கள். காய்ச்சலின் முதல் 5 நாளில் அந்தச் சோதனை நெகட்டிவாக வரலாம், 9-ஆம் நாளில் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்காவிட்டால் காசநோயை மறுபடி தேடுங்கள். தெளிந்ததும் காது மந்தமா, பார்வை இரட்டையாகத் தெரிகிறதா என்று கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.