புதுப்பிப்பு: புல்லாங்குழல்ல கீழ் ஸ்தாயி (தாழ்ந்த ஸ்வரங்கள்) சத்தம் தெளிவில்லாம வெறும் காத்தா வருதுன்னு கேட்டிருந்தேனே

பதில் போட்ட எல்லாருக்கும் தேங்க்ஸ். ஒரு மாசம் ஆச்சு, இப்போ சத்தம் நல்லாவே தெளிஞ்சிருச்சு.

ஒர்க் ஆனது கண்ணாடி முன்னாடி நின்னு ஊதிப் பாக்குற ஐடியாதான், சொன்ன அண்ணனுக்கு பெரிய கும்பிடு. பாத்தா உதட்டை அகலமா தொறந்து ஊதிட்டு இருந்திருக்கேன், பாதி காத்து ஓட்டைக்கு வெளியவே போவுது. உதட்டு இடுக்கை சின்னதாக்கி, குழலை கொஞ்சம் வெளிப்பக்கமா உருட்டி, தெனம் பத்து நிமிஷம் வெறும் ஷட்ஜம் ('ஸ' ஸ்வரம்) மட்டும் இழுத்து ஊதினேன் (தண்டையார்பேட்டைல ஒண்டுக்குடித்தனம், பக்கத்து வூட்டு ஆயா ரெண்டு நாள் திட்டிச்சு, அப்பறம் பழகிருச்சு).

எதிர்பாக்காதது ஒண்ணு: மந்திர ஸ்தாயில, அதாவது அந்த 'ஸ'வுக்கும் கீழ போற ஸ்வரங்கள்ல மட்டும் இன்னும் பிசிறடிச்சுது, அது ஊதுறதால இல்ல, மோதிர விரல் ஓட்டையை முழுசா மூடல. நுனியில அழுத்தாம சதைப்பகுதியால மூடினதும் நின்னுருச்சு. புதுக் குழல் வாங்க சொன்னவங்க மன்னிக்கணும், காசு மிச்சம்.