எட்டாம் வகுப்புக் குழு ப்ராஜெக்ட்: பண்டைய கிரேக்கம். எங்கிருந்து தொடங்குவது? (தில்லி)

மயூர்விஹார்_அம்மா:

வணக்கம். எட்டாம் வகுப்பு, ஐந்து பிள்ளைகள் கொண்ட குழு, தலைப்பு "பண்டைய கிரேக்க நாகரிகம்". 12 நாள் இருக்கிறது. ஒரு சார்ட், ஒரு மாடல், 8 நிமிடப் பேச்சு. கடவுள்கள், போர்கள், ஒலிம்பிக், தத்துவ ஞானிகள், உணவு-உடை என்று ஆளுக்கு ஒன்றாகப் பிரித்திருக்கிறார்கள். மாடலுக்குத் தெர்மோகோலில் பார்த்தெனான் கோயில். சான்றுக்கென்று தனியாக 10 மார்க் உண்டு. இந்தப் பிரிவினை சரியா? தில்லியில் பிள்ளைகள் நேரில் போய்ப் பார்க்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

சுண்ணக்கட்டி:

பிரிவினையை மாற்றிவிடுங்கள். இப்படிப் பிரித்தால் ஐந்து பேரும் ஒரே விக்கிபீடியா பக்கத்தின் ஐந்து பத்திகளை எழுதிக்கொண்டு வருவார்கள். ஆயிரம் வருட வரலாற்றை 8 நிமிடத்தில் சொல்லப்போனால் பெயர்ப் பட்டியல்தான் மிஞ்சும். ஒரே ஒரு கேள்வியை எடுத்து, அதற்குள் ஐந்து பேரும் வேலை செய்யட்டும்.

என் பரிந்துரை: ஏதென்ஸ்காரர்கள் பதவிக்கு ஆளைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்தது ஏன்?

இதில் எழுத்துச் சான்றும் இருக்கிறது, தோண்டி எடுத்த பொருளும் இருக்கிறது. கி.மு. 508-ஐ ஒட்டி கிளெய்ஸ்தெனீஸ் என்ற ஏதென்ஸ் தலைவர் மக்களை 10 குலங்களாகப் பிரித்தார். குலத்துக்கு 50 பேர் வீதம் 500 பேர் கொண்ட மன்றம் அமைந்தது. அந்த 500 பேரும் குலுக்கலில் வந்தவர்கள். ஒருவர் ஆயுளில் இரண்டு முறைக்கு மேல் அந்த மன்றத்தில் உட்கார முடியாது. நீதிமன்றத்துக்கு ஆண்டுதோறும் 6,000 ஜூரிகள், வயது 30-க்கு மேல். அன்றன்றைக்கு எந்த வழக்குக்கு யார் என்பதும் குலுக்கலில்தான். அதற்கென்றே ஒரு கல் கருவி வைத்திருந்தார்கள், க்ளெரோதேரியன் என்று பெயர். அதன் உடைந்த பகுதி ஏதென்ஸ் அகோரா (பழைய சந்தைத் திடல்) அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்த்தெனானை விட்டுவிட்டு இதை மாடலாகச் செய்யுங்கள். ஆசிரியர் முன்னாலேயே இயக்கிக் காட்டலாம்.

வேலையை இப்படிப் பிரிக்கலாம். ஒரு பிள்ளை எழுத்துச் சான்று: அரிஸ்டாட்டிலின் பெயரில் வழங்கும் "ஏதெனியர் அரசமைப்பு" நூலில் 63-ஆம் அதிகாரத்திலிருந்து சில பக்கம். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் தளத்தில் இலவசம். இன்னொரு பிள்ளை அகோரா அகழாய்வின் இணையப் பதிவேட்டிலிருந்து பொருள்கள். அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் பதிவு எண் உண்டு, சார்ட்டில் படத்துக்குக் கீழே அந்த எண்ணை எழுதினாலே சான்று மார்க்கில் பாதி வந்துவிடும். மூன்றாவது பிள்ளைக்கு "யாரெல்லாம் இதில் இல்லை" என்ற பகுதி: பெண்கள், அடிமைகள், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள். நான்காவது மாடல். ஐந்தாவது பிள்ளைக்கு நம் ஊர் ஒப்பீடு. உத்திரமேரூர்க் குடவோலையை விட்டுவிடாதீர்கள், அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதுகிறேன்.

பிள்ளைகள் வழக்கமாகத் தவறுவது மூன்று இடத்தில். "ஏதென்ஸில் எல்லாப் பதவியும் குலுக்கல்" என்று எழுதிவிடுவார்கள். படைத்தலைவர்கள் பத்துப் பேரைக் கை தூக்கி வாக்களித்தே தேர்ந்தார்கள். போருக்கு அனுபவம் வேண்டும் என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. ஏதென்ஸின் புகழ்பெற்ற தலைவர் பெரிக்லீஸ் ஆண்டுக்கு ஆண்டு தேர்வானது அந்தப் பதவிக்குத்தான். அடுத்து, பெரிக்லீஸ் படத்தையும் கல் கருவியையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுவார்கள். அவர் இறந்தது கி.மு. 429. கருவியைப் பற்றிய விவரிப்பு அடுத்த நூற்றாண்டைச் சேர்ந்தது. பெரிக்லீஸ் காலத்தில் அவரைக்காய் விதைகளை எடுத்துத்தான் குலுக்கினார்கள். மூன்றாவது, ஏதென்ஸில் நடந்ததை "கிரேக்கர்கள் செய்தார்கள்" என்று பொதுவாக எழுதுவது. ஸ்பார்ட்டாவில் அதே காலத்தில் இரண்டு அரசர்கள் இருந்தார்கள்.

பழங்காசு:

மேலே சொன்ன கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் தில்லியில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் திரையில் மட்டும் பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை. ஜன்பத் தேசிய அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் கட்டாயம் போகச் சொல்லுங்கள். திங்கள் விடுமுறை. சில கூடங்கள் அவ்வப்போது மூடியிருக்கும், அதனால் நாணயக் கூடம் திறந்திருக்கிறதா என்று முந்தின நாளே போன் செய்து கேட்டுவிடுங்கள்.

அங்கே தேட வேண்டியது இந்தோ-கிரேக்கக் காசுகள், அதாவது இந்தியாவின் வடமேற்கை ஆண்ட கிரேக்க அரசர்களின் காசுகள். மெனாந்தர் காசு ஒன்றின் முன் நின்று நிதானமாகப் பார்க்கட்டும். சின்ன வெள்ளிக் காசு, இரண்டரை கிராம் அளவுதான் எடை. ஒரு பக்கம் அரசனின் தலை, சுற்றிக் கிரேக்க எழுத்தில் "பசிலியோஸ் ஸோதேரோஸ் மெனாந்த்ரூ". மறுபக்கம் அத்தீனா தேவி, சுற்றிக் கரோஷ்டி என்ற பழைய வடமேற்கு இந்திய எழுத்தில் "மஹாரஜஸ த்ரதரஸ மெனம்த்ரஸ". இரண்டுக்கும் பொருள் ஒன்றே: காக்கும் மன்னன் மெனாந்தரின் காசு. அந்த "இன்" உருபு இரண்டு மொழியிலும் இருப்பதைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். கரோஷ்டியை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். இடமிருந்து எழுத்துக் கூட்டி "தப்பாக இருக்கிறது" என்று எழுதிக்கொண்டு வருபவர்கள் நிறைய. கண்ணாடிப் பெட்டியில் விளக்கு பிரதிபலிக்கும் என்பதால் போட்டோ சரியாக வராது. பென்சிலும் வெள்ளைத்தாளும் எடுத்துப் போய் வரைவதே நல்லது. பெட்டியிலுள்ள பெயர்ச்சீட்டை ஒரு எழுத்து விடாமல் நகல் எடுக்கச் சொல்லுங்கள், சான்று அதுதான்.

வாசலில் அசோகரின் கிர்னார் பாறைக் கல்வெட்டின் நகல் நிற்கிறது. அசோகரின் 13-ஆம் பாறைக் கட்டளையில் அந்தியோக்கஸ், டாலமி முதலான கிரேக்க அரசர்கள் வருகிறார்கள். அதே கட்டளையில் சோழரும் பாண்டியரும் வருகிறார்கள். இது நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தச்சுப்பட்டறை:

மாடல் பற்றி. அசல் கருவி நட்டுவைத்த பலகைக்கல் மாதிரி இருக்கும். முகப்பில் நெட்டு வரிசைகளில் சிறு பிளவுகள், பக்கவாட்டில் ஒரு குழாய். ஒவ்வொருவரும் தன் பெயர் பொறித்த வெண்கலச் சீட்டைக் கொடுப்பார், அது ஒரு பிளவில் செருகப்படும். குழாயில் கறுப்பும் வெள்ளையுமாகக் குண்டுகள். ஒரு குண்டு விழுந்தால் ஒரு கிடைவரிசை முழுவதற்கும் தீர்ப்பு: வெள்ளை என்றால் அந்த வரிசை உள்ளே, கறுப்பு என்றால் வெளியே.

வகுப்புக்கு 5 நெட்டு வரிசை, 10 கிடைவரிசை போதும், 50 சீட்டு. 15 பேர் வேண்டுமென்றால் 3 வெள்ளை, 7 கறுப்பு. ஏதாவது ஒரு நெட்டு வரிசையில் 8 சீட்டுதான் இருக்கிறது என்றால் 8 கிடைவரிசைதான் செல்லும், குண்டும் 8 ஆகக் குறைய வேண்டும். இதை மறந்தால் கணக்கு இடிக்கும்.

சீட்டுக்கு ஐஸ்க்ரீம் குச்சி அருமையாகப் பொருந்தும், நீளம் 11 செ.மீ.க்குச் சற்று மேல். அசல் வெண்கலச் சீட்டும் கிட்டத்தட்ட அந்த நீளம்தான். பலகைக்குத் தெர்மோகோல் வேண்டாம், பிளேடு வைத்ததும் உதிரும், பிளவின் ஓரம் பெரிதாகிக் குச்சி தொங்கும். 5 மி.மீ. சன்போர்டு (கெட்டியான பிளாஸ்டிக் நுரைப் பலகை) இரண்டை ஒட்டி 10 மி.மீ. ஆக்கிக்கொள்ளுங்கள். ஒற்றைப் பலகை குச்சியைப் பிடித்து நிறுத்தாது. பிளவு 11 மி.மீ. அகலம், இரண்டரை மி.மீ. உயரம். கிடைவரிசைக்கு நடுவே 2.5 செ.மீ. விடுங்கள்.

குண்டுக்குக் கோலி, 16 மி.மீ. அளவு. சதர் பஜாரில் "கஞ்சே" என்று கேட்டால் கொடுப்பார்கள். கறுப்பு, வெள்ளை நிறத்திலேயே வாங்குங்கள். பெயின்ட் அடித்தால் ஒட்டிக்கொள்ளும், உருளாது. குழாய்க்கு எலெக்ட்ரிக் கடையில் கிடைக்கும் வயரிங் பைப். கோலியைக் கையோடு கொண்டுபோய் உள்ளே விட்டுப் பாருங்கள், தடையில்லாமல் ஓட வேண்டும், ஆனால் இரண்டு கோலி பக்கத்தில் பக்கத்தில் நிற்க இடம் இருக்கக்கூடாது. உள்ளே தெரியும் பைப் வாங்கினால் அடுத்த நிறம் எதுவென்று எல்லாருக்கும் முன்பே தெரிந்துவிடும்.

சிக்கல் வருவது கதவில். குழாயின் அடியில் ஹாக்ஸாவால் பாதி விட்டம் வரை இரண்டு வெட்டு. இடைவெளி கோலியின் விட்டமே, 16 முதல் 17 மி.மீ. இரண்டிலும் பழைய பிளாஸ்டிக் அட்டைத் துண்டு. மேல் அட்டையைச் செருகிவிட்டுக் கீழ் அட்டையை இழுத்தால் ஒரே ஒரு கோலி விழும். இடைவெளி 24 மி.மீ. ஆனால் மேல் அட்டை அடுத்த கோலியின் வயிற்றில் முட்டி நின்றுவிடும். அட்டை முனையை உப்புத்தாளால் சாய்வாகத் தேய்த்தால் மேல் கோலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும். மேலே புனல் வைத்து எல்லாக் கோலியையும் ஒரேயடியாகக் கொட்டாதீர்கள், வாயில் இரண்டு மூன்று சேர்ந்து வளைவு மாதிரி அடைத்துக்கொள்ளும். பையில் குலுக்கி, பார்க்காமல் ஒவ்வொன்றாகப் போடுங்கள். 20 முறை ஓட்டிப் பார்த்த பிறகு பள்ளிக்கு எடுத்துச் செல்லுங்கள்.

மயூர்விஹார்_அம்மா:

மிக்க நன்றி. பிள்ளைகள் குலுக்கல் கேள்வியையே எடுத்துக்கொண்டார்கள். காசு ஓவியம் சார்ட்டின் ஓரத்தில் வரும். இரண்டு சந்தேகம். உத்திரமேரூரையும் ஏதென்ஸையும் ஒன்று என்று சொல்லலாமா? காலக்கோட்டுக்கு எந்த அளவு வைப்பது?

சுண்ணக்கட்டி:

ஒன்று என்று சொல்லாதீர்கள். ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்றும் எழுத வேண்டாம், இடையில் ஆயிரம் வருடத்துக்கு மேல். பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் முதலாம் பராந்தகன் காலத்தவை, கி.பி. 919, 921. 30 குடும்பு (ஊரின் வட்டங்கள்), பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்க வைத்தார்கள். ஏரி வாரியத்துக்கு (ஏரியைக் கவனிக்கும் குழு) 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், பதவிக்காலம் 360 நாள். வயது 35-லிருந்து 70. முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் நிற்க முடியாது. ஏதென்ஸிலும் பதவி முடிந்ததும் கணக்கு ஒப்படைக்க வேண்டும். ஆசிரியருக்குப் பிடிக்கும் ஒப்பீடு இதுவாகத்தான் இருக்கும். உத்திரமேரூரிலும் எல்லாரும் பங்கேற்கவில்லை: அது பிராமணர் சபை, நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டும். மூன்றாவது பிள்ளையின் பகுதியில் ஏதென்ஸுக்கு எதிரே இதையும் எழுத வேண்டும்.

காலக்கோடு: முழு சார்ட் 71 செ.மீ. நீளம். 1 செ.மீ. = 10 வருடம் என்று வையுங்கள். முதல் ஒலிம்பிக் என்று சொல்லப்படும் கி.மு. 776-இல் தொடங்கி ரோமர் கொரிந்து நகரை அழித்த 146-இல் முடித்தால் 63 செ.மீ., ஓரம் விட்டு அடங்கும். கி.மு. என்பதால் பெரிய எண் இடப்பக்கம். பென்சிலில் போட்டு ஒரு முறை சரிபார்த்த பிறகு ஸ்கெட்ச் பேனாவை எடுக்கட்டும். உத்திரமேரூரை இதே கோட்டில் நுழைக்கப் பார்த்தால் இன்னும் ஒரு மீட்டருக்கு மேல் தாள் வேண்டும், அதைத் தனிக் கட்டத்தில் போடுங்கள்.