டிபி வந்ததை வீட்டில் சொல்லாதீங்கன்னு நோயாளி கேட்டால்?

பாம்பன் செவிலியர்: விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். சளியில் டிபி உறுதி. மாத்திரை சாப்பிடச் சம்மதம். சம்சாரத்துக்கும் படகு முதலாளிக்கும் தெரியக்கூடாது என்கிறார். வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது. போனும் சம்சாரம் கையில். என்ன செய்வது?

டிபி மேற்பார்வையாளர்: வீட்டையும் முதலாளியையும் ஒரே தட்டில் வைக்காதீங்க அக்கா. முதலாளிக்கு எதுவும் சொல்ல வேண்டாம். ஓய்வுச் சான்றிதழ் கேட்டால் நோயின் பெயர் இல்லாமல் டாக்டரிடம் வாங்கிக் கொடுங்க. கூடப் போகிற ஆட்களையும் பார்க்கணும், ஆனால் அந்த ஒரு படகை மட்டும் கூப்பிட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். இறங்குதளத்தில் எல்லாப் படகுக்காரர்களுக்கும் சேர்த்து எக்ஸ்ரே முகாம் வையுங்க.

சம்சாரத்திடம் அவரே சொல்வதுதான் நல்லது. கடலுக்குப் போகாத நாளில் தனியாக உட்கார வைத்துப் பேசுங்க. டிபி மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், வெள்ளைப் பனியனில் வியர்வைக் கறை தெரியும். 6 மாதம் இதை ஒரே வீட்டில் மறைக்க முடியாது. அப்புறம் பிள்ளை விஷயம்: நோய் இல்லையென்று உறுதியானால் தடுப்பு மருந்து உண்டு, அம்மாவுக்குக் காரணம் தெரியாமல் அதை மாதக்கணக்கில் கொடுக்க வைக்க முடியாது. பயமுறுத்தாமல் இந்த இரண்டையும் சொல்லுங்க.

பாம்பன் செவிலியர்: அப்படியும் மாட்டேன் என்றால்?

டிபி மேற்பார்வையாளர்: நீங்களாகச் சொல்லிவிடாதீங்க, டாக்டரிடம் கொண்டு போங்க. 2002 மருத்துவ நெறிமுறை விதிகளில் ரகசியத்துக்கு விலக்கு இருக்கிறது: குறிப்பிட்ட ஒருவருக்குக் கடுமையான ஆபத்து இருந்தால் டாக்டர் வெளிப்படுத்தலாம். அதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு, சம்சாரத்துக்குத் தேவையான அளவு மட்டும்.

போனில் டிபி என்ற சொல்லே வேண்டாம். "சுகாதார நிலையத்திலிருந்து பேசறேன், அண்ணன் கரைக்கு வந்ததும் கூப்பிடச் சொல்லுங்க" போதும். நிக்‌ஷயில் (டிபி நோயாளிகளைப் பதிகிற அரசு இணையதளம்) எந்த நம்பர் பதிவாகியிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்க, மெசேஜ் அதற்குத்தான் போகும்.

நம்பிக்கை மைய (ஹெச்ஐவி ஆலோசனை, பரிசோதனை மையம்) ஆலோசகர்: ஒன்று விட்டுப்போகிறது. டிபி நோயாளிக்கு ஹெச்ஐவி பரிசோதனையும் செய்திருப்பீங்க. டிபியைச் சொல்லச் சம்மதித்தார் என்பதற்காக அந்த முடிவும் சேர்ந்து போகக் கூடாது. 2017 ஹெச்ஐவி சட்டப்படி அதற்குத் தனிச் சம்மதம் வேண்டும். துணைக்குச் சொல்வதென்றாலும் டாக்டரோ ஆலோசகரோதான்: துணைக்குக் கணிசமான ஆபத்து இருக்கணும், அவரையே சொல்லச் சொல்லி ஆலோசனை கொடுத்திருக்கணும், சொல்ல மாட்டார் என்பது தெளிவாகணும், நாங்கள் சொல்லப்போகிறோம் என்று அவருக்குத் தெரிவித்திருக்கணும். சிகிச்சை அட்டையில் அந்த முடிவு எழுதியிருக்கும். வீட்டுத் திண்ணையில் அட்டையை விரித்துவைத்து மாத்திரை எண்ணாதீங்க, தயவுசெய்து.